மார்க் கூடினால் ஃபெயில்: ஸ்பாம் ஃபில்டர் சிக்கல்களை அறிகுறி வாரியாகத் தீர்ப்பது

"கொட்டேஷன் மெயில் ஸ்பாமுக்குப் போயிடுச்சு சார்" என்று கணக்குப் பிரிவிலிருந்து போன் வரும். உடனே ஸ்பாம் ஃபில்டரில் 5 என்று இருந்த வரம்பை 8 ஆக்குவோம். இரண்டே நாளில் முதலாளியின் இன்பாக்ஸில் லாட்டரிப் பரிசு வந்து உட்கார்ந்திருக்கும். 8 மறுபடி 4 ஆகும். இப்படி ஏற்றி இறக்கியே நானும் ஒரு வருடம் ஓட்டியிருக்கிறேன். அந்த ஒரு வருடத்தில் கோளாறு உண்மையிலேயே வரம்பில் இருந்ததாக ஒரு தடவைகூட ஞாபகம் இல்லை. அதனால் இந்த வழிமுறையில் வரம்பை மாற்றும் வேலை கடைசியில்தான் வரும்.

நான் எடுத்துக்கொள்வது சிறிய அலுவலகங்களில் அதிகம் காணப்படும் அமைப்பு: டெபியன் லினக்ஸ், மெயிலை வாங்க, அனுப்ப போஸ்ட்ஃபிக்ஸ், நடுவில் நின்று சோதனைக்கு விட அமாவிஸ், அதற்குள் மார்க் போட ஸ்பாம்அசாசின், பெட்டியில் போட டவ்காட். அமைப்புப் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். சர்வரில் கை வைக்கிறவருக்கு எது எது என்று புரியும்.

முதலில் மார்க் ஷீட்டைப் பாருங்கள்

ஸ்பாம்அசாசின் ஒவ்வொரு மெயிலையும் நூற்றுக்கணக்கான விதிகளால் சோதித்து, பொருந்தும் ஒவ்வொரு விதிக்கும் ஒரு மார்க் போடுகிறது. பள்ளிப் பரீட்சைக்கு நேர் எதிர். மார்க் கூடினால் ஃபெயில். எந்த விதி எத்தனை போட்டது என்பது மெயிலின் எக்ஸ்-ஸ்பாம்-ஸ்டேட்டஸ் ஹெட்டரில் (மெயிலோடு மறைந்து வரும் குறிப்பு வரியில்) இருக்கும். மெயிலைத் திறந்து "மூலத்தைக் காட்டு" என்று கொடுத்தால் தெரியும்.

பல சர்வர்களில் நல்ல மெயிலில் அந்த ஹெட்டரே இருக்காது. காரணம் அமாவிஸின் எஸ்ஏ_டேக்_லெவல். டெபியனில் அது 2.0. அதற்குக் கீழே வாங்கிய மெயிலுக்கு ஹெட்டர் எழுத மாட்டார். ஸ்பாம் எப்படித் தப்பித்தது என்று ஆராய நமக்குத் தேவைப்படுவதே அந்தக் குறைந்த மார்க் வாங்கிய மெயில்தான். எனவே அமாவிஸின் 50-யூசர் ஃபைலில் அதை -999 ஆக்கி அமாவிஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். மற்ற ஃபைல்களில் இந்த எண்ணைத் தொடாதீர்கள். எண் வரிசையில் படிக்கப்படுவதால் 50-யூசரில் எழுதியதுதான் கடைசியில் நிற்கும், பேக்கேஜ் அப்டேட்டிலும் பிழைக்கும்.

அறிகுறி: ஹெட்டர் இன்னும் வரவே இல்லை

டெபியனில் அமாவிஸை நிறுவினால் ஸ்பாம் சோதனை தானாக ஓடாது. 15-கன்டென்ட்_ஃபில்டர்_மோட் என்ற ஃபைலில் அந்த வரிகள் முன்னால் ஹேஷ் குறி போட்டுச் செயலிழக்க வைக்கப்பட்டிருக்கும். அந்த ஹேஷ் குறியை எடுத்தால்தான் ஓடும். நிறுவிய நாளிலிருந்து ஃபில்டர் ஓடுவதாக நினைத்துக்கொண்டிருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அது சரியாக இருந்தும் வரவில்லையா? உங்கள் டொமைன் அமாவிஸின் லோக்கல்_டொமைன்ஸ் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பெறுகிறவர் "நம்ம ஆள்" என்று தெரிந்தால்தான் அது ஸ்பாம் ஹெட்டரைச் சேர்க்கும். ஒரே சர்வரில் இரண்டாவது டொமைனைச் சேர்த்து, அதை மட்டும் இந்தப் பட்டியலில் போட மறந்திருப்போம். முதல் டொமைனுக்கு எல்லாம் ஒழுங்காக இருக்கும், இரண்டாவதற்கு மட்டும் ஃபில்டரே இல்லாததுபோல் தோன்றும்.

பெரிய மெயிலுக்கு மட்டும் ஹெட்டர் இல்லையென்றால் அளவு வரம்பு. டெபியனில் அமாவிஸ் வழக்கமாக 200 கிலோபைட்டுக்கு மேற்பட்டதை ஸ்பாம்அசாசினிடம் கொடுப்பதில்லை. பெரிய படத்தை ஒட்டி வரும் ஸ்பாம் இந்த ஓட்டையில்தான் நுழைகிறது. சர்வரில் நினைவகம் இருந்தால் 1 அல்லது 2 மெகாபைட் வரை ஏற்றலாம்.

அறிகுறி: எண்ணை மாற்றினேன், எதுவும் மாறவில்லை

ஸ்பாம்அசாசினின் அமைப்பு ஃபைலான லோக்கல்.சிஎஃப்-இல் ரிக்வயர்ட்_ஸ்கோர் என்பதை மாற்றியிருப்பீர்கள். ஸ்பாம்அசாசின் தனியாக ஓடினால் அதுதான் சரியான இடம். அதன் இயல்பு மதிப்பு 5.0. ஆனால் அமாவிஸ் நடுவில் இருந்தால் அந்த வரியை யாரும் பார்ப்பதில்லை. அமாவிஸ் மார்க்கை மட்டும் வாங்கிக்கொண்டு தன் சொந்த எல்லைகளோடு ஒப்பிடுகிறது: ஸ்பாம் என்று முத்திரை குத்த டேக்2, தடுத்து நிறுத்த கில். டெபியனில் இரண்டும் 6.31.

இன்னொரு காரணமும் உண்டு. அமாவிஸ் ஸ்பாம்அசாசினைத் தன் வயிற்றுக்குள் ஏற்றிக்கொண்டுதான் ஓடுகிறது. விதி, மார்க் எதை மாற்றினாலும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டியது அமாவிஸை. ஸ்பாம்அசாசினின் தனிச் சேவையான ஸ்பாம்டி என்று ஒன்று பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும். இந்த அமைப்பில் அதை நூறு முறை ரீஸ்டார்ட் செய்தாலும் பயனில்லை.

மாற்றிய பிறகு ஒரு தடவை ஸ்பாம்அசாசின் --லின்ட் ஓட்டுங்கள். ஒன்றும் சொல்லாமல் திரும்பினால் எல்லாம் சரி. எழுத்துப்பிழை இருந்தால் அந்த வரியை மட்டும் தாண்டிவிட்டு மற்றதை ஏற்றுக்கொள்ளும் என்பதால், லின்ட் ஓட்டாதவருக்குப் பிழை தெரியவே தெரியாது.

அறிகுறி: நல்ல மெயில் ஸ்பாமாகிறது

இங்கேதான் மார்க் ஷீட் சோறு போடும். தமிழில் மெயில் போகும் வரும் ஒரு அலுவலகத்தில் இப்படி ஒன்றைப் பார்க்கலாம்: பேயஸ்_99 = 3.5, பேயஸ்_999 = 0.2, அன்வான்டட்_லாங்வேஜ்_பாடி = 2.8. மொத்தம் 6.5. எல்லை 6.31. கதை முடிந்தது.

இதில் 2.8 போட்டது டெக்ஸ்ட்கேட் என்ற பிளகின், மெயில் எந்த மொழி என்று கணிக்கிறவர். இயல்பாக இது அணைந்துதான் இருக்கும். யாரோ "வெளிநாட்டு ஸ்பாம் வருது" என்று அதை ஏற்றி, ஓகே_லாங்வேஜஸ் வரியில் ஆங்கிலத்தை மட்டும் எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். அன்றிலிருந்து தமிழ் மெயில் எல்லாம் வேண்டாத மொழி. ஆங்கிலத்துக்குப் பக்கத்தில் தமிழுக்கான ஈரெழுத்துக் குறியீட்டையும் சேர்த்தால் தீர்ந்தது. டெக்ஸ்ட்கேட்டுக்குத் தமிழ் தெரியும். எல்லையை 7 ஆக்கியிருந்தால் இந்த மெயில் வந்திருக்கும், கூடவே 6.5 வாங்கிய ஆங்கில ஸ்பாமும் வந்திருக்கும்.

மீதி 3.7 பேயஸ் போட்டது. பேயஸ் என்பது நாம் கொடுத்த ஸ்பாம், நல்ல மெயில் இரண்டிலும் வரும் சொற்களை எண்ணி வைத்துக்கொண்டு கணிக்கும் பகுதி. நல்ல மெயிலை இது ஸ்பாம் என்று அடித்துச் சொன்னால், தவறான பாடம் படித்திருக்கிறது. ஊழியர்கள் "ஸ்பாம்" பட்டனை அழுத்தினால் அது அப்படியே பயிற்சிக்குப் போகும்படி அமைத்திருக்கிறீர்களா? அப்படியென்றால் சந்தேகம் அங்கேதான். தாங்களே சந்தா கட்டி வரவழைத்த செய்திமடலை நீக்கச் சோம்பல்பட்டு ஸ்பாம் பட்டனை அழுத்துகிறவர்கள் எல்லா அலுவலகத்திலும் உண்டு.

தமிழுக்கு இன்னொரு இடைஞ்சல். பேயஸ் 15 பைட்டுக்கு மேல் நீண்ட சொல்லை முழுசாக வைத்துக்கொள்வதில்லை. ஆங்கிலத்தில் அது 15 எழுத்து. யுடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனி 3. ஐந்து குறியோடு கதை முடிகிறது. நம் சொற்களில் பாதி அதைவிட நீளம். 3 வரிசைப் பதிப்புகளில் நீண்ட சொல்லைத் துண்டு துண்டாக வெட்டித்தான் எண்ணும். 2022 டிசம்பரில் வந்த 4.0 பதிப்பில் ஆங்கிலம் அல்லாத மொழிகளைக் கையாள்வது நன்றாகவே மேம்பட்டது. தமிழ் மெயில் அதிகம் புழங்கும் இடத்தில் பழைய பதிப்பை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவதில் அர்த்தமில்லை.

பழைய விதிகளும் நல்ல மெயிலைக் கவிழ்க்கும். 2010 ஜனவரி 1 அன்று உலகம் முழுக்க நல்ல மெயில்கள் மூன்றுக்கும் மேல் மார்க் வாங்க ஆரம்பித்தன. தேதியில் 2010 அல்லது அதற்குப் பிந்தைய வருடம் இருந்தால் "எதிர்காலத் தேதி போட்ட போலி" என்று சொல்லும் விதி ஒன்று எப்போதோ எழுதப்பட்டு அப்படியே கிடந்தது. புது வருடம் பிறந்ததும் எல்லா மெயிலும் போலியாகிவிட்டது. திருத்தம், விதிகளைப் புதுப்பிக்கும் எஸ்ஏ-அப்டேட் கட்டளை வழியாக வந்தது. அதை ஓட்டாதவர்கள் வரம்பை ஏற்றிக்கொண்டிருந்திருப்பார்கள். உங்கள் சர்வரில் எஸ்ஏ-அப்டேட் தினமும் ஓடுகிறதா, ஓடியபின் அமாவிஸ் ரீஸ்டார்ட் ஆகிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

ஒரு குறிப்பிட்ட வாடிக்கையாளரின் மெயில் மட்டும் மாட்டுகிறதென்றால் விலக்குப் பட்டியலில் சேர்க்கலாம். ஆனால் ஒயிட்லிஸ்ட்_ஃப்ரம் வேண்டாம். அது அனுப்புநர் பெயரைப் பார்த்ததுமே -100 கொடுத்துவிடும். அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். ஒயிட்லிஸ்ட்_ஆத் பயன்படுத்துங்கள். அனுப்புநர் உண்மையானவரா என்று பார்க்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் சோதனையில் தேறினால் மட்டுமே அது சலுகை தரும். 4.0இலிருந்து இவற்றின் பெயர் வெல்கம்லிஸ்ட் என்று மாறியிருக்கிறது.

அறிகுறி: அப்பட்டமான ஸ்பாம் இன்பாக்ஸில் விழுகிறது

மார்க் ஷீட்டில் யூஆர்ஐபிஎல்_பிளாக்டு = 0.001 என்று ஒரு வரி இருக்கிறதா? மார்க் சின்னது என்று தாண்டிப் போகாதீர்கள். நீங்கள் தேடுகிற காரணம் பெரும்பாலும் இதுதான்.

மெயிலில் உள்ள இணைப்புகளையும் அனுப்பிய ஐபி முகவரியையும் கருப்புப் பட்டியல்களில் தேடுவது, இணையப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ் வழியாக நடக்கிறது. சர்வரின் டிஎன்எஸ் 8.8.8.8 போன்ற பொது முகவரியாக இருந்தால், பட்டியல்காரர்களுக்கு உங்கள் கேள்வியும் லட்சம் பேரின் கேள்வியும் ஒரே இடத்திலிருந்து வருவதாகத் தெரியும்; பதில் தர மறுத்துவிடுவார்கள். ஃபில்டரின் பாதி பலம் அங்கேயே போய்விடும். அன்பவுண்ட் என்ற சிறிய டிஎன்எஸ் சர்வரை அதே இயந்திரத்தில் நிறுவி, 127.0.0.1-ஐ டிஎன்எஸ் ஆக்குங்கள். அன்பவுண்ட் மேலே யாருக்கும் கேள்வியைக் கைமாற்றாமல் தானே நேரடியாகக் கேட்க வேண்டும், அது முக்கியம். பத்து நிமிட வேலை. நான் செய்த ஸ்பாம் ஃபில்டர் வேலைகளிலேயே பலன் அதிகம் கொடுத்தது இதுதான்.

இதே கோளாறு தலைகீழாகவும் வரும். ஸ்பாம்ஹவுஸ் என்ற அமைப்பின் ஜென் என்ற கருப்புப் பட்டியல், பொது டிஎன்எஸ் வழியாகக் கேட்டால் 127.255.255.254 என்று பதில் தருகிறது. "இப்படிக் கேட்காதே" என்பது அதன் பொருள். போஸ்ட்ஃபிக்ஸில் வெறுமனே பட்டியல் பெயரை மட்டும் எழுதியிருந்தால் எந்தப் பதில் வந்தாலும் "பட்டியலில் இருக்கிறான்" என்று எடுத்துக்கொண்டு வருகிற மெயிலை எல்லாம் திருப்பி அனுப்பிவிடும். பெயருக்குப் பின் சமன் குறி போட்டு, 127.0.0.[2..11] என்று ஏற்கத்தக்க பதில்களை வரையறுத்துவிடுங்கள். போஸ்ட்ஃபிக்ஸில் எழுதியிருக்கும் பட்டியல்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றனவா என்றும் பாருங்கள். சோர்ப்ஸ் என்ற பட்டியல் 2024 ஜூனில் மூடப்பட்டது. அதன் பெயர் பல சர்வர்களில் இன்னும் கிடக்கிறது.

டிஎன்எஸ் சரி, ஆனால் மார்க் ஷீட்டில் பேயஸ் என்ற சொல்லே இல்லை என்றால்? குறைந்தது 200 ஸ்பாமும் 200 நல்ல மெயிலும் படிக்காமல் பேயஸ் வாய் திறக்காது. ஸ்பாமை மட்டும் ஆயிரக்கணக்கில் ஊட்டிவிட்டு நல்ல மெயிலைக் கொடுக்க மறந்துவிடுவது வழக்கமான தப்பு.

"இரண்டும் கொடுத்தேனே" என்றால், யாராகக் கொடுத்தீர்கள்? ரூட்டாக இருந்து, பேயஸுக்குப் பாடம் கொடுக்கும் எஸ்ஏ-லேர்ன் கட்டளையை ஓட்டினால் பாடம் ரூட்டின் வீட்டு டைரக்டரியில் சேரும். அமாவிஸ் படிப்பது தன் வீட்டில், வார்-லிப்-அமாவிஸ் அடியில். ரூட் பெரிய அறிவாளியாகிவிடுவார், அமாவிஸ் ஒன்றும் தெரியாமலே இருப்பார். அமாவிஸ் பயனராக மாறிக்கொண்டு எஸ்ஏ-லேர்ன் --டம்ப் மேஜிக் ஓட்டிப் பாருங்கள். என்ஸ்பாம், என்ஹாம் என்ற இரண்டு வரிகளில் எண்ணிக்கை தெரியும். ஒற்றை மெயிலைச் சோதிக்கும்போதும் இதே கவனம் தேவை. ரூட்டாகச் சோதித்தால் ஒரு மார்க், நிஜத்தில் வேறு மார்க் வரும்.

ஸ்பாமுக்கு பேயஸ்_00 = -1.9 என்று கழிந்திருந்தால் பாடமே கெட்டுவிட்டது. அப்போது ஒட்டுப் போடாமல் --கிளியர் கொடுத்து மொத்தத்தையும் அழித்து, கையால் பொறுக்கிய மெயில்களைக் கொண்டு புதிதாகப் படிக்க வைப்பதுதான் வேகமான வழி.

அறிகுறி: தமிழில் எழுதிய சொந்த விதி பிடிக்கவே இல்லை

"லோன்" என்ற சொல்லைப் பிடிக்க, மெயிலின் உள்ளடக்கத்தைப் பார்க்கும் ஒரு பாடி விதி எழுதுவீர்கள். ஆங்கிலப் பழக்கத்தில் சொல்லின் இருபுறமும் சொல் எல்லைக் குறியை, அதாவது பின்சாய்வும் பி எழுத்தும், போடுவீர்கள். அது பிடிக்காது. விதிகள் பைட் கணக்கில் ஓடுகின்றன. அந்தக் கணக்கில் தமிழ் பைட்டுகள் "சொல் எழுத்து" அல்ல. வெற்றிடமும் சொல் எழுத்து அல்ல, தமிழும் அல்ல என்று இரண்டுமே ஒரே வகையாகிவிடுவதால் நடுவில் எல்லை என்று ஒன்று கிடைக்காது. குறியை எடுத்துவிடுங்கள். சதுர அடைப்புக்குள் தமிழ் எழுத்துகளை வரிசையாகப் போடுவதும் இதே காரணத்தால் வேலைக்கு ஆகாது. செங்குத்துக் கோட்டால் பிரித்து எழுதுங்கள்.

அப்படியும் சில மெயில்கள் தப்பினால் "லோ"வைக் கவனியுங்கள். அந்த ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைச் சுழிக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, பைட்டுகள் வேறு. இரண்டு வடிவத்தையும் விதியில் சேர்க்க வேண்டும். 3 வரிசையில் இருந்தால் நார்மலைஸ்_சார்செட் என்பதை 1 ஆக்குங்கள், 4.0இல் அது தானாகவே இயங்கும்.

அறிகுறி: நம் முகவரியிலிருந்தே நமக்கு ஸ்பாம்

சொந்த டொமைனை விலக்குப் பட்டியலில் போட்டிருக்கிறீர்கள். எடுத்துவிடுங்கள். நம் ஆட்கள் 587 போர்ட்டில் பாஸ்வேர்டு கொடுத்துத்தான் அனுப்புகிறார்கள். அவர்களுக்குச் சலுகை அந்த வழியில் கிடைக்க வேண்டும், பெயரால் அல்ல. கூடவே உங்கள் டொமைனுக்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் பதிவுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை இல்லாமல் போலியை அடையாளம் காண ஃபில்டருக்கு வழியில்லை.

அறிகுறி: வீட்டிலிருந்து வேலை செய்கிறவரின் மெயில் மட்டும் திரும்புகிறது

வீட்டு பிராட்பேண்ட் முகவரிகள் பெரும்பாலும் ஸ்பாம்ஹவுஸின் பிபிஎல் பட்டியலில் இருக்கும். குற்றம் செய்ததால் அல்ல. அங்கிருந்து நேரடியாக வெளியுலகுக்கு மெயில் போகக் கூடாது என்பதால். போஸ்ட்ஃபிக்ஸ் கட்டுப்பாடுகளை எழுதிய வரிசையிலேயே படிக்கும். பெர்மிட்_சாஸ்ல்_ஆதென்டிகேட்டட் என்பது கருப்புப் பட்டியல் வரிக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் இருந்தால் சரியான பாஸ்வேர்டு கொடுத்தவரையும் விரட்டிவிடும்.

அதற்காக உள்ளிருந்து போகும் மெயிலுக்குச் சோதனையே வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். ஒருவருடைய பாஸ்வேர்டு திருடு போனால் ஓர் இரவில் உங்கள் ஐபியும் கருப்புப் பட்டியலில் ஏறிவிடும். 587இல் வருவதை அமாவிஸின் தனிப் போர்ட்டுக்கு, வழக்கமாக 10026, அனுப்பி அங்கே ஒரிஜினேட்டிங் என்ற கொள்கைத் தொகுப்பில் தளர்வான எல்லை வையுங்கள்.

அறிகுறி: ஓடிபி காலாவதியான பிறகு வருகிறது

லாகில் 450 என்று மறுப்பும், கொஞ்ச நேரம் கழித்து அதே மெயில் ஏற்கப்பட்டதும் தெரிந்தால், அது போஸ்ட்கிரே. முன்பின் தெரியாத அனுப்புநரை "அப்புறம் வா" என்று 300 விநாடி காக்க வைக்கிறது. அனுப்புகிற சர்வர் ஐந்தாவது நிமிடமே வருமா, அரை மணி கழித்து வருமா என்பது அதன் இஷ்டம். பத்து நிமிட ஓடிபிக்கு இது பொருந்தாது. வங்கி, அரசு இணையதளங்களின் சர்வர்களை ஒயிட்லிஸ்ட்_கிளையன்ட்ஸ் ஃபைலில் சேர்க்கலாம். நானென்றால் போஸ்ட்கிரேயையே எடுத்துவிட்டு, போஸ்ட்ஃபிக்ஸோடு வரும் போஸ்ட்ஸ்கிரீன் போடுவேன். வாழ்த்து சொல்லுமுன் 6 விநாடி சும்மா இருந்து பார்த்து, பொறுமையில்லாமல் முந்திப் பேசும் ஸ்பாம் நிரல்களை அது வாசலிலேயே பிடித்துவிடும். அதில் உள்ள ஆழமான சோதனைகளை மட்டும் இயக்காதீர்கள்; அவையும் ஓடிபியைக் காக்க வைக்கும்.

அறிகுறி: க்யூ முழுக்க யாருக்கோ போக முடியாத பவுன்ஸ்

ஸ்பாமை என்ன செய்வது என்று அமாவிஸுக்குச் சொல்லும் ஃபைனல்_ஸ்பாம்_டெஸ்டினி என்பது டி_பவுன்ஸ் என்று இருக்கிறது. ஸ்பாமை வாங்கிக்கொண்டு, அதில் எழுதியிருந்த போலி முகவரிக்கு நீங்களே திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். டி_பாஸ் ஆக்குங்கள், முத்திரையோடு பெட்டிக்குப் போகட்டும்.

அறிகுறி: முத்திரை இருக்கிறது, மெயில் இன்பாக்ஸிலேயே கிடக்கிறது

ஃபில்டர் தன் வேலையைச் செய்துவிட்டது. போல்டருக்கு மாற்றுவது, மெயிலைப் பிரித்துப் போடும் டவ்காட்டின் சீவ் விதிகளின் வேலை. எக்ஸ்-ஸ்பாம்-ஃப்ளாக் "எஸ்" என்றால் ஜங்க் போல்டரில் போடு என்று சீவ்_பிஃபோர் விதியாக எழுதினால் எல்லோருக்கும் பொருந்தும். பரிசோதிக்க ஜிடியூப் என்ற நிலையான சோதனை வரியை வெளி முகவரியிலிருந்து அனுப்புங்கள்; எந்த ஸ்பாம்அசாசினும் அதற்கு 1000 மார்க் போடும். உள்ளிருந்து அனுப்பினால் சோதனையே நடக்காமல் போகலாம்.

இத்தனையும் பார்த்த பிறகுதான் வரம்பு

இரண்டு வாரத்து மெயில்களின் மார்க்கை லாகிலிருந்து எடுத்து வரிசைப்படுத்துங்கள். நல்ல மெயில்கள் 2க்குக் கீழும் ஸ்பாம் 8க்கு மேலும் குவிந்திருக்கும். நடுவில் கிடக்கும் கொஞ்சத்தைக் கண்ணால் பார்த்து டேக்2-வை 0.5 மட்டும் நகர்த்துங்கள், அடுத்த ஒரு வாரம் தொடாதீர்கள். கில் எல்லையை டேக்2-விலிருந்து பிரித்து 15 மாதிரி உயரத்தில் வையுங்கள். அதற்கும் மேல் போவதைக் கண்ணை மூடிக்கொண்டு டி_டிஸ்கார்டில் (சத்தமில்லாமல் எறிந்துவிடுவதில்) தள்ளலாம், ஆனால் ஒரு மாதம் குவாரன்டைனில் வைத்துப் பார்த்துவிட்டு.